மாப்பிள்ளை பாட்டரிக்குத் தண்ணி ஊத்துறாரு!

பஜ்ஜி வந்தது. கேசரி வந்தது. பெண் வருவதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

பெண்ணுக்குச் சித்தப்பா. மின்வாரியத்தில் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டு ரிடையர் ஆனவர். பெண் பார்க்கப் போகிற வீட்டில் இப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். மற்றவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இவர் மட்டும் வேலையைப் பற்றி விசாரிப்பார்.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?"

"சயின்டிஸ்ட்டுங்க. லித்தியம் அயான் பாட்டரிக்கு எலெக்ட்ரோலைட் டெவலப் பண்றேன்."

"எலெக்ட்ரோலைட்டுன்னா... இன்வெர்ட்டர் பாட்டரியில மாசாமாசம் ஊத்துறமே, அதானே?"

"அது டிஸ்டில்டு வாட்டருங்க. இது வேற..."

அவர் காதில் விழவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று அறிவித்துவிட்டார்.

"மாப்பிள்ளை பாட்டரிக்குத் தண்ணி ஊத்துறாரு!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் உத்தியோகமே அந்த பாட்டரிக்குள் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அதற்காகத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சென்னைக்கு வெளியே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.) பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்த அந்த வேளையில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அயானுக்கு ஒரு பாதை, எலெக்ட்ரானுக்கு ஒரு பாதை

உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனுக்குள் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று கேத்தோடு, இன்னொன்று ஆனோடு. லித்தியம் என்பது பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஓயாமல் போய் வரும் பெண் மாதிரி. சார்ஜ் போட்டால் கேத்தோடிலிருந்து கிளம்பி ஆனோடில் போய் உட்காரும். நீங்கள் போன் பேசப் பேசத் திரும்பி வரும்.

போகும்போது லித்தியம் தன் எலெக்ட்ரானைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. லித்தியம் அயான் உள்வழியாக வரும். எலெக்ட்ரான் வெளியே ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அப்படிச் சுற்றுகிற வழியில்தான் உங்கள் போனை எரிய வைக்கிறது, ஸ்கூட்டரை ஓட வைக்கிறது. கடைசியில் ரெண்டு பேரும் அடுத்த வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்வார்கள்.

அந்த உள்வழிதான் எலெக்ட்ரோலைட். அயானைத் தாராளமாக விடவேண்டும். எலெக்ட்ரானை மட்டும் விடவே கூடாது. விட்டால் சுற்றுப் பயணம் தேவையில்லாமல் போய்விடும். உங்கள் போனும் எரியாது. ஒரு திரவம்தான், சாதாரண டார்ச் லைட் சைஸ் லித்தியம் செல்லில் சுமார் 5 கிராம் இருக்கும். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட வராது. மோட்டாருக்குப் பேர், கம்பெனிக்குப் பேர், ஏன், வண்டியின் கலருக்குக்கூடப் பேர் உண்டு. எங்கள் திரவத்துக்குக் கிடையாது.

தண்ணீர் ஏன் ஆகாது? தண்ணீருக்குப் பொறுமை குறைவு. சுமார் 1.23 வோல்ட்டைத் தாண்டினாலே ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பிரிந்து போகப் பார்க்கும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியில் செல்லுக்கு 2 வோல்ட். அதற்கே கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகிக் குறைந்துவிடுகிறது. மாசாமாசம் ஊற்றுவது அதனால்தான். லித்தியம் செல்லை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்கிறோம். அங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை.

ரசம் வைக்கிற மாதிரி

எலெக்ட்ரோலைட் செய்முறை ரசத்துக்கு ரொம்ப நெருக்கம். புளித்தண்ணீருக்குப் பதில் ஆர்கானிக் திரவங்கள்: எதிலீன் கார்பனேட், டைமெதில் கார்பனேட் வகையறா. உப்புக்குப் பதில் லித்தியம் ஹெக்ஸாஃப்ளோரோஃபாஸ்பேட் என்கிற உப்பு. (ஒரே மூச்சில் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று.) கடைசியாகப் பெருங்காயம். அதற்கு அடிட்டிவ் என்று பேர். மொத்தத்தில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம்தான் போடுவோம். ஆனால் ரசம் ரசமாக இருப்பதும் வெறும் புளித்தண்ணீராகப் போவதும் அதில்தான் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் மற்றதை எல்லாம் சொல்லும், பெருங்காயத்தை மட்டும் சொல்லாது.

இந்த ரசத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்தில் எல்லாருக்கும் பிடித்த திரவம் புரொப்பிலீன் கார்பனேட். நல்ல திரவம், சுலபத்தில் உறையாது. ஒரே ஒரு சிக்கல். ஆனோடில் கிராஃபைட் வைத்தால், அதன் அடுக்குகளுக்குள் புகுந்து பொலபொலவென்று உதிர்த்துவிடும். (கிராஃபைட் என்றால் வேறொன்றுமில்லை, பென்சிலில் இருக்கிற அதே சரக்கு.) பக்கத்திலேயே ஒரு கார்பன் மட்டும் குறைவாக எதிலீன் கார்பனேட் இருந்தது. அதை அவ்வளவாக யாரும் சீந்தவில்லை. காரணம், அது 36 டிகிரியில்தான் உருகும். சாதாரண அறையில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். கட்டியாக இருப்பதை பாட்டரியில் எப்படி ஊற்றுவது? (சென்னையில் கத்திரி வெயிலில் ஷெல்ஃபிலேயே உருகி நிற்கும், அது வேறு விஷயம்.)

1990-ல் கனடாவில் ஜெஃப் டானும் அவருடைய சகாக்கள் இரண்டு பேரும் எதிலீன் கார்பனேட்டைக் கலந்தால் கிராஃபைட் உதிராமல் நிற்கிறது என்று காட்டினார்கள். 1991-ல் சோனி கம்பெனி முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பாட்டரியில்கூட கிராஃபைட் இல்லை, வேறு வகைக் கரிதான். எதிலீன் கார்பனேட் வந்த பிறகுதான் கிராஃபைட்டுக்கு வழி பிறந்தது. இன்றைக்கு உங்கள் போனில் இருப்பது அநேகமாக அந்த ஜோடிதான். ஒரே ஒரு கார்பன் வித்தியாசம், சார்! ஒரு எழுத்து மாறினால் கல்யாணப் பத்திரிகையே மாறிப்போவதில்லையா?

2019-ல் லித்தியம் பாட்டரிக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்று மூன்று பேர். குட்எனஃப்புக்கு அப்போது 97 வயது. நோபல் வாங்கியவர்களில் அவரைவிட மூத்தவர் கிடையாது. ரிடையர்மென்ட் பற்றி ஆபீஸில் யாராவது புலம்பினால் நான் இவரைத்தான் உதாரணம் காட்டுவது.

பொருக்கு ரகசியம்

எதிலீன் கார்பனேட் அப்படி என்ன செய்துவிட்டது? கெட்டுப்போனது. அதுதான் ரகசியம்.

முதல் சார்ஜில் ஆனோடு பக்கத்தில் எலெக்ட்ரோலைட் கொஞ்சம் சிதையும். சிதைந்தது கிராஃபைட் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். காயத்தின் மேல் பொருக்கு கட்டுகிற மாதிரி. அந்தப் பொருக்கு கட்டிய பிறகு மேற்கொண்டு சிதைவது நின்றுபோகும். லித்தியம் மட்டும் உள்ளே போய் வரும். இஸ்ரேலைச் சேர்ந்த பெலெட் என்கிற விஞ்ஞானி 1979-லேயே இந்தப் படலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் பாதி இந்தப் பொருக்கைப் பற்றித்தான்.

முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது, கெட்டே போகாத எலெக்ட்ரோலைட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்று கிடையாது என்று புரியவே இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாமே கெட்டுப்போகும். ஒரு தடவை ஒழுங்காகக் கெட்டுப்போய், அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. (கல்யாணமான நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு அர்த்தத்தோடு சிரிக்கிறார்கள்.)

"99.9 சதவீதம் சரியா இருந்தா போதாதா?" என்று என் ரூம்மேட் கேட்டான். பாங்க் உத்தியோகம், கணக்கில் புலி. "கணக்குப் போட்டுப் பாரு" என்றேன். ஒவ்வொரு தடவை சார்ஜ் போடும்போதும் 99.9 சதவீதம் லித்தியம்தான் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் தடவை போட்டால் மிச்சம் சுமார் 37 சதவீதம். அதுவே 99.99 என்றால் 90 சதவீதம் மிஞ்சும். நடுவில் இருக்கிற அந்த ஒரு 9-க்காகத்தான் நாங்கள் ராப்பகலாகப் பாடுபடுகிறோம். ரூம்மேட் கால்குலேட்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வட்டிக்கு வட்டியைத் தலைகீழாகப் பார்த்த அதிர்ச்சி!

மூக்கு அரிக்கும் நேரம்

நான் படித்தது காரைக்குடியில். காரைக்குடி என்றால் எல்லாருக்கும் ஆச்சி சமையல் ஞாபகம் வரும். எனக்கு செக்ரி ஞாபகம் வரும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட இடம். சும்மா கிடந்த செம்மண் காட்டில் மின்வேதியியலுக்கென்றே ஒரு நிலையம் வரவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

இப்போது என் வாசம் க்ளவ் பாக்ஸில். பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆர்கான் வாயு. முன்பக்கம் ரெண்டு ஓட்டை, அதில் தோள் வரைக்கும் தடித்த ரப்பர் கையுறை. பெட்டிக்கு வெளியே நான், உள்ளே என் கைகள் மட்டும். அதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்ன சைஸில் செல் கட்ட வேண்டும். கேத்தோடு, நடுவில் மெல்லிய தாள் மாதிரி செப்பரேட்டர், ரெண்டு மூணு சொட்டு எலெக்ட்ரோலைட், ஆனோடு, ஸ்பிரிங், மூடி. பாக்ஸிங் கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி இருக்கும். சரியாக ஸ்பிரிங்கை வைக்கிற நேரம் பார்த்து மூக்கு அரிக்கும். கையை உருவினால் மறுபடி நுழைக்க வேண்டும். கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துச் சமாளிக்கும் வித்தையைச் சீனியர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

இத்தனை கெடுபிடியும் தண்ணீருக்குப் பயந்துதான். எங்கள் உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட். அது செல்லை உள்ளிருந்தே அரிக்கும். ஆள் மேல் பட்டால் இன்னும் மோசம். தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கும், சில சமயம் வலியே தாமதமாகத்தான் தெரியும். அதற்கென்றே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் லேபில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும். எலெக்ட்ரோலைட்டில் தண்ணீர் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அதாவது ஒரு டன்னுக்கு நாலு டீஸ்பூன். சென்னை ஈரக்காற்றில் துணியே காயாத ஐப்பசி மாதத்தில் இதைக் காப்பாற்றிப் பாருங்கள்! தொழிற்சாலையின் உலர் அறையில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்றுகூட வரம்பு உண்டு. மனுஷன் விடுகிற மூச்சிலும் தண்ணீர் இருக்கிறதே!

செல் கட்டியாயிற்றா? இனிமேல் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் ஆயிரம் தடவைக்கு 500 நாள். சில செல்களுக்கு நான் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறேன்.

பூரி மாதிரி உப்பிய இரண்டு

இப்போது சொல்லப் போவது ஜோக் இல்லை.

2021-ல் நான் ஒரு அடிட்டிவ் பிடித்தேன். 25 டிகிரியில் அற்புதமாக வேலை செய்தது. பொருக்கு நேர்த்தி, ஆயுள் நேர்த்தி. பதினொரு மாதம் ஓடியும் கிராஃப் இறங்கவே இல்லை. ஸ்கூட்டர் பாட்டரி செய்கிற ஒரு கஸ்டமருக்குக் காட்ட ஸ்லைடு எல்லாம் ரெடி. இன்க்ரிமென்ட்டில் எந்த பைக் வாங்கலாம் என்றுகூட முடிவு பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓவனைத் திறந்தேன். தாள் பை மாதிரி தட்டையாக இருக்கிற பௌச் செல்கள் ஆறை 60 டிகிரியில் வைத்திருந்தோம். வைகாசி வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரில் பாட்டரி என்ன பாடு படும் என்று பார்க்கத்தான். நாலு செல் தட்டையாக இருந்தது. ரெண்டு பூரி மாதிரி உப்பியிருந்தது.

மேலதிகாரி பார்த்தார். திங்கட்கிழமை காலை மீட்டிங்.

"ரெண்டுதானேப்பா... சீலிங் சரியில்லாம இருந்திருக்கும். அவுட்லையர்னு போட்டு விட்ரு."

அவரும் கெட்டவர் இல்லை. நிஜமாகவே சீலிங் கோளாறாகவும் இருந்திருக்கலாம். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அது 2022 மார்ச் கடைசி. வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ராத்திரி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோன செய்தி வந்த சமயம். அந்த வண்டிக்கும் எங்கள் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் லித்தியம் பாட்டரி சூடேறித் தறிகெட்டுப் போவது எப்படி என்று எனக்குத் தெரியும். 100 டிகிரியை நெருங்கும்போதே அந்தப் பொருக்கு சிதைய ஆரம்பிக்கும். அதில் இன்னும் சூடு. சூட்டில் வாயு. உறை பிளந்தால் முதலில் ஆவியாகி வெளியே வந்து எரிவது எங்கள் திரவம்தான். அதாவது நான் தினமும் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவது.

மறுபடி அந்தச் செய்தியைப் படித்தேன். ராத்திரி தூங்குகிற வீடு. வாசலில் சார்ஜில் ஒரு வண்டி. ஆறில் ரெண்டு என்பது எனக்குத்தான் அவுட்லையர். அந்த ரெண்டில் ஒன்று யார் வீட்டு வாசலில் நிற்குமோ, அவர்களுக்கு அது நூறு சதவீதம்.

திங்கட்கிழமை ஸ்லைடில் உப்பிய ரெண்டு செல்லின் போட்டோவையும் போட்டேன். ரூமில் கப்சிப். மேலதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. கஸ்டமர் தரப்பில் ஒரு வயசான இன்ஜினீயர் மட்டும், "ரிப்பீட் பண்ணுங்க, வெயிட் பண்றோம்" என்றார்.

இந்த முறை பன்னிரண்டு செல். சீலிங்கை மூன்று பேர் சரிபார்த்தோம். நாலு வாரம் கழித்து ஓவனைத் திறந்தால் ஐந்து பூரி. 60 டிகிரியில் என் அருமை அடிட்டிவ் எதிர்ப்பக்கத்துக் கேத்தோடில் போய்ச் சிதைந்து வாயுவாகிக்கொண்டிருந்தது. 25 டிகிரியில் உத்தமன், வெயிலில் அயோக்கியன்!

பதினொரு மாத உழைப்பைக் குப்பையில் போட்டோம். அந்த வருஷம் இன்க்ரிமென்ட் ஒல்லி, பைக் இல்லை. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாத மேலதிகாரி, அன்றைக்கு கான்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரெண்டு டீ சொன்னார். டீ வந்தது. குடித்தார். எழுந்து போகும்போது, "நல்லவேளை" என்றார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அதே 2022-ல் மத்திய அரசும் மின் வாகன பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது.

ரப்பர் பேண்ட் போட்ட போன்

சரி, பெண் பார்க்கப் போன வீட்டுக்கு வருகிறேன்.

சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தபடி சோபாவைப் பார்த்தேன். தலையணைக்கு அடியில் அவருடைய செல்போன் சார்ஜில் இருந்தது. பின்பக்க மூடி கர்ப்பிணி மாதிரி புடைத்துக்கொண்டு நிற்க, அதன் மேல் ரெண்டு ரப்பர் பேண்ட்.

"இது எத்தனை நாளா இப்படி இருக்குங்க?"

"ஒரு மாசமா தம்பி. மூடி கழண்டு கழண்டு வருது. அதான் ரப்பர் பேண்ட் போட்டேன். ஐடியா எப்படி?"

நான் பதில் சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்தேன். ஒயரைக் கழற்றினேன். பஜ்ஜி இருந்த எவர்சில்வர் தட்டைக் காலி செய்து, போனை அழுத்தாமல் அதில் வைத்து, ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு பெண் வந்தாள். எதிரும் புதிருமாக ஆளுக்கொரு தட்டு! அவள் சிரித்துவிட்டாள்.

வாசலில் மண் தொட்டிப் பக்கம் போனை வைத்துவிட்டு வந்து எல்லாருக்கும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டரி உப்பினால் அது காற்று இல்லை, எலெக்ட்ரோலைட் சிதைந்த வாயு. குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். சூடு போக வழி வேண்டும். வெயிலில் நின்ற வண்டிக்கு வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். ராத்திரி வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு வண்டியை சார்ஜில் நிறுத்தாதீர்கள்.

சித்தப்பா வாயைத் திறக்காமல் கேட்டார். அடுத்த வாரம் சம்மதம் என்று செய்தி வந்தது.

கல்யாண ரிசப்ஷனில் தன் மின்வாரிய நண்பர்களை வரிசையாக மேடைக்குக் கூட்டிவந்து, மார்பை நிமிர்த்தி என்னை அறிமுகப்படுத்தினார். "நம்ம மாப்பிள்ளை. பாட்டரிக்குத் தண்ணி ஊத்துறாரு!"

நான் திருத்தவில்லை. மாசம் ஒரு தடவை மாமனார் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் இன்வெர்ட்டருக்கு நான்தான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். பெரியவர் சொன்ன வாக்கு பொய்யாகிவிடக் கூடாது, பாருங்கள்!